வசனப் பெட்டியும் ஞானம்மாவின் முழங்காலும்

மருத்துவமனை ஊழியத்துக்குப் புதிதாக வந்திருக்கிற உங்களுக்கு, என் பணிக்காலத்திலிருந்து ஊக்கம் தரும் அனுபவம் ஒன்றை எழுதித் தரும்படி கேட்டார்கள். ஊக்கம் தருகிறவர்கள் நம்மில் நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் உங்களைக் கொஞ்சம் பயமுறுத்தலாம் என்று இருக்கிறேன். என்னால் ஒரு பெண்மணிக்கு முழங்கால் போயிற்று. அதைத்தான் எழுதப் போகிறேன். இதை வாசித்துவிட்டு நாளை வார்டுக்குள் நுழையும்போது உங்களுக்கு வயிற்றைக் கலக்கினால் சந்தோஷப்படுவேன்.

எனக்கு எப்போதும் கலக்கும். பதற்றம் எனக்குப் பிறவிக் குணம். மன்னார்குடிக்குத் தெற்கே, நாலு பக்கமும் வயல் சூழ்ந்த ஒரு சிறிய மிஷன் மருத்துவமனையில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தேன். ஒரு நாள்கூட அந்த வார்டுக் கதவை அமைதியான மனதோடு தள்ளியதில்லை. காலை பத்து மணிக்குக் கட்டில் கட்டிலாகப் போக வேண்டும். நலம் விசாரிக்க வேண்டும். நம்முடைய சபை ஜனங்களுக்கு ஒரு பகுதி வாசித்து ஜெபிக்க வேண்டும். மற்றவர்களிடம் விசாரிப்பு மட்டும். அவர்களாகக் கேட்டால் ஜெபம். நோயாளிகள் என்னை ஜெபக்காரம்மா என்று கூப்பிடுவார்கள். பெயர் பெரிது. உள்ளே இருந்ததெல்லாம் நடுக்கம்தான்.

அந்த நடுக்கத்துக்கு எனக்குக் கிடைத்த பெரிய துணை ஒரு பிஸ்கட் டப்பா. எனக்கு முன்னால் அந்த வேலையில் இருந்தவர், தபால் கார்டை நாலாக வெட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு வசனத்தைத் தன் கைப்பட எழுதி அதில் போட்டு வைத்திருந்தார். நோயாளி கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுப்பார், நான் வாசிப்பேன். புத்தாண்டு ஆராதனையில், கடவுள் தரும் வாக்கு என்று ஒரு வாக்குத்தத்த அட்டை எடுத்து, வருடம் முழுவதும் அதைப் பர்சில் வைத்திருக்கிற ஜனங்கள் நாம். அதனால் இந்த டப்பாவுக்கு வார்டில் ஏகப்பட்ட மரியாதை. நான் வருகிற சத்தம் கேட்டாலே, “எனக்கு இன்னைக்கு என்ன வருதுன்னு பாப்போம்” என்று எழுந்து உட்கார்ந்துவிடுவார்கள். எனக்கும் பேச ஒரு பிடி கிடைத்துவிடும்.

ஆனால் அதை எழுதியவர் ஒரு முரட்டு மனுஷி. இனிப்பான வசனங்களோடு கசப்பானவற்றையும் எழுதிப் போட்டிருந்தார். ஆண்டவர் என்னை மறந்துவிட்டாரா, எதற்காகத் தூரத்தில் நிற்கிறார், என் எலும்பெல்லாம் நோகிறதே என்று வேதத்தின் சங்கீதங்களில் வரும் புலம்பல்கள். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம், சிறுநீரகம் கெட்டுப்போன ஒரு பெரியவர் அப்படி ஒன்றை எடுத்தார். நான் வாசித்து முடிப்பதற்குள் உடம்பு குலுங்க அழ ஆரம்பித்துவிட்டார். ஏதோ முணுமுணுத்துவிட்டு அறைக்கு ஓடிவந்து, டப்பாவைக் கவிழ்த்து, அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரி அழ வைக்கிற அட்டைகளையெல்லாம் பொறுக்கி எடுத்தேன். ரப்பர் பேண்ட் போட்டு மேசை இழுப்பறையில் தள்ளினேன். அதன்பின் யாரும் அட்டையைப் பார்த்து அழவில்லை. நான் நல்ல ஊழியக்காரி என்று பேர் வந்தது அதற்குப் பிறகுதான்.

ஞானம்மா வந்து சேர்ந்தது சம்பா நடவு மும்முரமாக நடந்துகொண்டிருந்த நேரம். அது நடந்து பத்துப் பன்னிரண்டு வருடம் இருக்கும். ஐம்பது வயது, கணவர் இல்லை, ஒரே மகள் ஸ்டெல்லா. பக்கத்துக் கிராமத்தில் நடவு நடும் பெண்கள் குழுவுக்கு இவர்தான் தலைவி. வயலில் யாரோ குடித்துவிட்டுப் போட்ட பாட்டில் துண்டு காலில் ஏறியிருக்கிறது. சர்க்கரை வியாதியால் பாதம் மரத்துப்போயிருந்ததால் அவருக்குத் தெரியவே இல்லை. மூன்று நாள் சேற்றிலேயே நின்று நட்டிருக்கிறார். கொண்டுவந்தபோது இரண்டு விரல்கள் கறுத்துவிட்டன.

ஒரு சனிக்கிழமை அவரிடம் டப்பாவை நீட்டினேன். எடுத்துக் கொடுத்தார். சாவு இல்லை, பிழைத்திருந்து ஆண்டவர் செய்ததை எல்லோருக்கும் சொல்வாய் என்ற பொருளில் வரும் வசனம். அதோடு விட்டிருக்கலாம். அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்ததும் என் வாய் சும்மா இருக்கவில்லை.

“இது உங்களுக்குன்னே வந்த வசனம் ஞானம்மா. கெட்டியாப் புடிச்சுக்குங்க” என்றேன்.

அவரும் கெட்டியாகத்தான் பிடித்துக்கொண்டார்.

திங்கட்கிழமை வார்டு மருத்துவர், காலை வெட்டி எடுக்க வேண்டும் என்று சொல்லி ஒப்புதல் படிவத்தைக் கொடுத்தபோது, ஞானம்மா அதை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டார். அங்கே ஏற்கெனவே அட்டை இருந்தது. செவ்வாய்க்கிழமை அறுவை மருத்துவர் வந்தார். தஞ்சாவூரிலிருந்து வாரத்தில் செவ்வாயும் வெள்ளியும் மட்டும் வருகிறவர்.

“இன்னைக்கு எடுத்தா முட்டிக்குக் கீழ போதும்மா. முட்டி இருந்துச்சுன்னா செயற்கைக் கால் மாட்டிக்கிட்டு நல்லா நடக்கலாம். வெள்ளிக்கிழமை வரைக்கும் போட்டா என்னாகும்னு சொல்ல முடியாது. உசுருக்கே ஆபத்து.”

“நீங்க பெரிய படிப்பு படிச்சவங்க டாக்டரய்யா. ஆனா எனக்கு வசனம் வந்திருக்குங்க. ஆண்டவரே நீ சாவ மாட்டேன்னு சொன்னப்புறம் நான் எதுக்குங்க கால வெட்டிக்கணும்?”

பக்கத்துக் கட்டில்களில் இருந்தவர்கள் ஸ்தோத்திரம் என்றார்கள். மருத்துவர் என்னைப் பார்த்தார். “நீங்களாவது எடுத்துச் சொல்லுங்க” என்றார்.

இந்த இடத்தைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். எனக்கு உண்மை தெரியும். அந்த டப்பாவில் எந்த அட்டையை எடுத்திருந்தாலும் அவருக்கு நல்ல செய்திதான் வந்திருக்கும் என்பது உலகத்திலேயே எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். ஆனால் வார்டு முழுக்க என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. இந்தச் சமயத்தில் அட்டையைப் பிடுங்கினால் அவர் மனம் உடைந்துபோகும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதிதான். மீதிப் பாதி, என் பேர் உடைந்துபோகும் என்ற பயம்.

“அவங்க விசுவாசம் பெருசு டாக்டர். கொஞ்சம் டைம் குடுங்க” என்றேன்.

மருத்துவர் அடுத்த கட்டிலுக்குப் போனார். அன்று மதியம் ஸ்டெல்லா வராந்தாவில் என்னைப் பிடித்துக்கொண்டாள். திருத்துறைப்பூண்டியில் துணிக்கடையில் வேலை பார்க்கிற பெண். “அம்மா யார் பேச்சையும் கேக்க மாட்டேங்குதுக்கா. தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன்னாலும் வர மாட்டேங்குது. நீங்க சொன்னா கேக்கும்” என்றாள். ஜெபிக்கிறேன் என்று சொன்னேன். நாம் வாயைத் திறக்க வேண்டிய இடத்தில் திறக்கப் பயந்தால், ஜெபிக்கிறேன் என்று சொல்லித் தப்பிப்பது நம் தொழிலில் மிகச் சுலபம். நீங்களும் செய்வீர்கள்.

புதன்கிழமை காலை ஜெப அறையில் போய் உட்கார்ந்தேன். என்ன செய்தேன் தெரியுமா? கண்ணை மூடிக்கொண்டு வேதத்தைத் திறந்து விரலை வைத்தேன். எந்தப் பழக்கத்தால் இந்த ஆபத்து வந்ததோ, அதே பழக்கத்தால் அதற்குத் தீர்வு கேட்டேன். விரல் விழுந்த இடத்தில் இன்னார் இன்னாரைப் பெற்றான் என்று ஒரு பக்கம் முழுவதும் பெயர்ப் பட்டியல். அத்தனை பதற்றத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு அழுகை வந்தது.

வேறு வழி தெரியாமல், அன்றைய வரிசைப்படி வாசிக்க வேண்டிய பகுதியை எடுத்தேன். பிள்ளைகளையும் சொத்தையும் இழந்து, உடம்பெல்லாம் புண்ணாகி, சாம்பலில் உட்கார்ந்த மனிதரின் கதை. பலமுறை வாசித்ததுதான். எப்போதும் கடைசியில் எல்லாம் இரட்டிப்பாகத் திரும்பக் கிடைக்கிற பக்கத்துக்கு ஓடிவிடுவேன். அன்று ஓட முடியவில்லை. அவரைப் பார்க்க வந்த நண்பர்கள், அவர் படும் பாட்டைக் கண்டு ஒரு வார்த்தையும் பேசாமல் ஏழு நாள் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள் என்ற இடத்தில் நின்றுவிட்டேன். அதுவரை அவர்கள் நல்ல நண்பர்கள். வாயைத் திறந்த பிறகுதான் எல்லாம் கெட்டது. கடவுளுக்காகப் பரிந்து பேசுவதாக நினைத்துக்கொண்டு தப்புத் தப்பாகப் பேசினார்கள். கடைசியில் கடவுளே அவர்கள்மேல் கோபப்பட்டார்.

நான் ஞானம்மாவோடு ஏழு நிமிடம்கூடச் சும்மா உட்கார்ந்ததில்லை. அவருடைய காலை நான் பார்த்ததே இல்லை. எட்டரைக்குப் புண்களைக் கழுவிக் கட்டுவார்கள், வாடை அடங்கியபின் பத்து மணிக்கு நான் போவேன். என் நேரத்தை அப்படித்தான் அமைத்து வைத்திருந்தேன். கடிகாரத்தைப் பார்த்தேன். எட்டே முக்கால்.

டிரெஸ்ஸிங் அறைக்குள் நான் அதற்குமுன் காலெடுத்து வைத்ததில்லை. உள்ளே ஞானம்மா கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தார். அங்கிருந்த நர்ஸுக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. என்னைப் பார்த்ததும், “இங்க ஜெபமெல்லாம் அப்புறம்க்கா. நிக்கிறதா இருந்தா அந்தத் தட்டப் புடிங்க” என்றாள்.

பிடித்தேன். கட்டைப் பிரித்ததும் வந்த வாடையை எழுதி உங்களைச் சோதிக்கப் போவதில்லை. கொண்டுவந்தபோது விரலில் இருந்ததாகச் சொன்ன கறுப்பு, பாதத்தைத் தாண்டிக் கணுக்காலுக்கு வந்திருந்தது. அதற்கு மேலே கால் சிவந்து வீங்கிப் பளபளத்தது. தட்டு ஆடியது. நர்ஸ் நிமிராமலே, “கீழ வைக்காதீங்க” என்றாள். வைக்கவில்லை. ஒரு வார்த்தையும் பேசவில்லை. பேச வந்தால் வாந்திதான் வந்திருக்கும்.

வெளியே வந்து கை கழுவும்போது அந்தப் பெண் என்னிடம் குரலை உயர்த்தாமல் சொன்னாள்: “அக்கா, நான் தெனம் ரெண்டு வேளை இந்தக் காலப் பாக்குறேன். நீங்க தெனம் ஒரு வேளை இவங்க மொகத்த மட்டும் பாக்குறீங்க. மொகம் நல்லாத்தான் இருக்கு. கால்தான் சாகுது.”

இருபத்திரண்டு வருடத்தில் எனக்குக் கிடைத்த பயிற்சியிலேயே உருப்படியானது அதுதான். அந்தப் பெண்ணின் பெயரை எழுதினால் கூச்சப்படுவாள், அதனால் விடுகிறேன்.

அன்றே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. வியாழக்கிழமை காலையும் தட்டைப் பிடித்தேன். கறுப்பு இன்னும் ஏறியிருந்தது. ஞானம்மாவுக்குக் காய்ச்சல். கட்டிப் போட்டு வார்டுக்குக் கொண்டுவந்த பிறகு, முதல் தடவையாக நிற்காமல் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“ஞானம்மா, அந்தப் பொட்டியில நோவு, பொலம்பல், அழுகைன்னு வர்ற அட்டையே கெடையாதுங்க. நான் எடுத்துட்டேன். நீங்க எத எடுத்திருந்தாலும் நல்லதாத்தான் வந்திருக்கும்.”

அவர் தலையைத் திருப்பினார். “எல்லாத்தையுமா எடுத்தீங்க?”

“எல்லாத்தையும்.”

“எதுக்கு?”

“நீங்கள்லாம் அழுவீங்கன்னு.”

“நாங்க அழுதா ஒங்களுக்கு என்ன?”

இதற்கு உங்களிடம் பதில் இருக்கிறதா என்று யோசித்துப் பாருங்கள். மிக மெதுவாக அவர் கேட்டார்: “அப்ப ஆண்டவரு எனக்கு ஒண்ணுமே சொல்லலியா?”

எத்தனையோ பதில்கள் நாக்கு நுனிக்கு வந்தன. அத்தனையும் அந்த நண்பர்கள் பேசியது மாதிரி அழகான பதில்கள். விழுங்கினேன்.

“சொன்னாரா இல்லியான்னு எனக்குத் தெரியலீங்க. நான் சொன்னேங்கிறது மட்டும் தெரியும். ஒங்களுக்குன்னே வந்ததுன்னு சொன்னது நான்.”

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். “போங்க” என்றார்.

போனேன். அந்த நாள் போல ஒரு நாளை நான் கடந்ததில்லை. அவரிடம் மிச்சம் இருந்தது அந்த நம்பிக்கை ஒன்றுதான், அதையும் என் கையாலேயே பிடுங்கிவிட்டேன். அவர் இனி கையெழுத்தும் போடாமல், நம்பிக்கையும் இல்லாமல் செத்துப்போனால்? மதியம் ஸ்டெல்லா அறைக்கு வந்து கத்தினாள். “எங்கம்மாகிட்ட என்ன சொன்னீங்க? கஞ்சி குடிக்க மாட்டேங்குது, பேச மாட்டேங்குது. இத்தன நாளும் சிரிச்சுக்கிட்டாவது கெடந்துச்சு!” என்ன சொன்னேன் என்பதை அவளிடமும் சொன்னேன். அவள் முகம் போன போக்கைப் பார்க்க முடியாமல் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாலு மணி இருக்கும். மறுபடி ஸ்டெல்லா வந்து வாசலிலேயே நின்றாள். “எடுத்துப் போட்ட அட்டையெல்லாம் எங்கன்னு கேக்குது. இருந்தா குடுத்து விடச் சொல்லுச்சு.”

இழுப்பறையில் இருந்தது. ரப்பர் பேண்ட் இற்றுப்போய் அட்டையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. எடுத்துக் கொடுத்தேன். கூடப் போகத் தைரியம் இல்லை. வார்டு ஜன்னலுக்கு வெளியே, பைக் நிறுத்துகிற கொட்டகை ஓரமாக நின்றேன். ஸ்டெல்லா ஒவ்வொன்றாக வாசித்தாள். எவ்வளவு காலம் என்னை மறந்திருப்பீர் என்று ஒன்று. கண்ணீரே எனக்கு உணவாயிற்று என்று ஒன்று. கூப்பிடுகிறேன், பதில் இல்லையே என்று ஒன்று. ஞானம்மா அழத் தொடங்கினார். முதலில் விசும்பல், அப்புறம் வாய்விட்டு. அந்த மாதிரி அழுகையைக் கேட்காமல் இருப்பதற்காகத்தான் நான் அத்தனை வருடமும் அந்த அட்டைகளை ஒளித்து வைத்திருந்தேன். ஓடிவிடலாம் போல இருந்தது. அங்கேயே நின்று கேட்டேன்.

அழுகைக்கு நடுவில் அவர் மகளிடம் கேட்டது காதில் விழுந்தது. “இதெல்லாம் வேதத்துலயே இருக்கா? நெசமாவா?”

“இருக்கும்மா. அட்டையில சங்கீதத்தோட நம்பர் போட்டிருக்கு.”

“அப்ப இவங்களும் என்னப் போலத்தான் கத்தியிருக்காங்க. கத்துனவங்களக்கூட ஆண்டவரு தொரத்திவிடலயே. எழுதியில்ல வச்சிருக்காரு.” கொஞ்ச நேரம் மூச்சு வாங்கியது. “இன்னொண்ணு படி.”

வசனங்களை நான் தினமும் வாசித்து, தியானம் செய்து, ஆராய்ச்சிக் குறிப்பெல்லாம் எழுதி வைத்திருந்தேன். அத்தனையும் செய்து நான் போய்ச் சேராத இடத்துக்கு, காய்ச்சலில் கிடந்த அந்தப் பெண்மணி ஒரே மாலையில் போய்விட்டார். எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை அவரே படிவத்தைக் கேட்டு வாங்கி, எழுத்துக் கூட்டித் தன் பெயரை எழுதினார். அறுவை மருத்துவர் காலை அழுத்திப் பார்த்தார், வெகு நேரம் பார்த்தார். பிறகு, “முட்டிய காப்பாத்த முடியாதும்மா. தொடையில எடுக்கணும்” என்றார். ஞானம்மா மருத்துவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

பிழைத்துக்கொண்டார். முட்டிக்கு மேலே எடுத்த காலுக்குச் செயற்கைக் கால் பொருந்துவது கடினம். இரண்டு தடவை செய்து பார்த்தார்கள், அவருக்குப் பழகவில்லை. கட்டைகளை ஊன்றித்தான் நடக்கிறார். வரப்பில் கட்டை நிற்காது. நடவுக் குழுவை வேறொருவர் நடத்துகிறார். செவ்வாயிலிருந்து வெள்ளி வரை போன அந்த மூன்று நாள் என்னுடையது. அவருடைய மருத்துவச் சீட்டில் அது எழுதப்படவில்லை என்பதால் இல்லை என்று ஆகிவிடாது.

அவர் வீட்டுக்குப் போனபின், வியாழக்கிழமைதோறும் நான் பேருந்து பிடித்து அவர் கிராமத்துக்குப் போக ஆரம்பித்தேன். யாரும் அனுப்பவில்லை. முதலில் புண் ஆறும் வரை கட்டு மாற்றுவதற்கு. அந்த நர்ஸ் எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தாள். புண் ஆறியபின் மிச்சம் இருக்கிற ஒரு காலைப் பார்ப்பதற்கு. சர்க்கரைக்காரர்களுக்கு ஒரு கால் போனால் மற்றக் காலுக்கும் ஆபத்து உண்டு. வெதுவெதுப்பான தண்ணீரில் பாதத்தைக் கழுவி, துடைத்து, விரல் இடுக்கில் எல்லாம் வெளிச்சம் அடித்துப் பார்க்க வேண்டும். ஒரு சிறு கொப்புளம் கண்ணில் பட்டாலும் எனக்கு இன்றும் உள்ளங்கை வேர்க்கும். பார்த்து முடித்தபின் அவர் ஒரு சங்கீதம் வாசிக்கச் சொல்வார். எது என்று அவர்தான் சொல்வார். விளக்கம் கேட்க மாட்டார், நானும் சொல்ல மாட்டேன்.

உங்களுக்குப் புத்திமதி என்று தனியாகச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. எட்டரைக்கே வார்டுக்குப் போங்கள், அவ்வளவுதான். மற்றதை டிரெஸ்ஸிங் அறை உங்களுக்குச் சொல்லிக்கொடுக்கும்.

பணி ஓய்வு பெற்ற வாரம், அவர் பாதத்தைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, அதுவரை கேட்கத் துணியாததை ஒருவழியாகக் கேட்டுவிட்டேன். “ஞானம்மா, என்னை மன்னிச்சுட்டீங்களா?”

அவர் காலை என் மடியிலிருந்து எடுக்கவில்லை.

“மன்னிச்சுட்டேன்னு சொல்லிட்டா, அடுத்த வெசாழக்கெழம நீங்க வர மாட்டீங்க” என்றார். “அதனால சொல்ல மாட்டேன். சுண்டு வெரலச் சரியாப் பாத்தீங்களா?”

பார்த்தேன். அடுத்த வியாழக்கிழமையும் போனேன். இன்னும் போய்க்கொண்டிருக்கிறேன். அவர் இன்னும் சொல்லவில்லை.